இறுகிய சட்டையும் எங்கள் சுகமும்

கடந்த கோடையில் மார்க்கத்தில் ஒரு கலியாண வீடு. மாப்பிள்ளை பகுதிக்கு மிகவும் நெருங்கிய ஒரு பெண்மணி வரவில்லை. கேட்டவர்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லப்பட்டது. நடந்தது வேறு. இரண்டு மாதத்துக்கு முன்னரே நல்ல பட்டுச்சாறி எடுத்து, பழைய சட்டை ஒன்றை அளவுக்கு அனுப்பி, ஊரிலே சட்டை தைப்பித்து எடுத்திருந்தார். கலியாணத்தன்று காலை அந்தச் சட்டையின் கை புயத்தில் பாதியிலேயே நின்றுவிட்டது. கொளுக்கிகள் நான்கு விரற்கடைக்கு எட்டவில்லை. கணவரையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டு, சாறியை மடித்து வைத்துவிட்டு, அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

இதை எங்களிடம் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பேச்சு நீள நீள, அந்தச் சிரிப்பு குறைந்துகொண்டு போயிற்று. அதற்குப் பிறகு வந்த இரண்டு பிறந்தநாளுக்கும் அவர் போகவில்லை. பின்னேரங்களில் நடக்கப் போவதையும் விட்டுவிட்டார். "ஆக்கள் பாப்பினம்" என்றார். சலரோகத்துக்கு இரத்தம் சோதிக்க வேண்டிய தவணையும் தாண்டிவிட்டது. "போனால் முதலிலை தராசிலை ஏறச் சொல்லுவினம். பிறகு பாப்பம்."

கலியாணம், பிறந்தநாள் பற்றிய கதை சுகாதாரப் பகுதிக்கு ஏன் என்று வாசகர்கள் நினைக்கலாம். அந்தத் தவணைக்காகத்தான் எழுதுகிறோம்.

எங்கள் ஆட்கள் கூடும் எந்த மண்டபத்திலும் வாசலிலேயே ஒரு பரிசோதனை நடக்கும். கைப்பையைக் கொண்டுபோய் வைப்பதற்கு முன்னரே, "என்ன பிள்ளை, நல்லா உடம்பு வைச்சிட்டீர்" என்று ஒருவர் சொல்லுவார். மெலிந்து போனாலும் விடமாட்டார்கள். "என்ன, சுகமில்லையோ? சாப்பிடுறேல்லையோ?" என்பார்கள். உடம்பைப் பற்றிச் சொன்ன அதே வாயால், "இன்னும் ரெண்டு வடை எடும், என்ன வெக்கம்" என்றும் சொல்லுவார்கள். இதில் கெட்ட எண்ணம் இல்லை என்பதை நாம் ஒத்துக்கொள்கிறோம். ஒரு காலத்தில் ஊரிலே 'உடம்பு வைத்தது' என்றால் குறையில்லாமல் இருக்கிறார் என்று பொருள். நாலு பேர் அக்கறையாக விசாரிக்கும் பழக்கம் அது. ஆனால் இன்று அந்த வார்த்தை அப்படிப் போய்ச் சேருவதில்லை. பதினாறு வயதுப் பிள்ளை அதைக் கேட்டு வாடியதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். பக்கத்தில் நின்ற நாமும் வாய் திறக்கவில்லை என்பதை வெட்கத்துடன் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் நிற்பவர்களின் மௌனம் எவ்வளவு பெரியது என்பதைச் சென்னையில் நடந்த ஒரு சம்பவம் காட்டியது. 2025 நவம்பரில் 'அதர்ஸ்' என்ற தமிழ்ப் படத்தின் பத்திரிகையாளர் சந்திப்பு. '96' படத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையாக வந்த கௌரி கிஷன்தான் கதாநாயகி. பாட்டுக் காட்சியில் அவரைத் தூக்கிய கதாநாயகனிடம், அவரது எடை எவ்வளவு என்று ஏற்கெனவே ஒருவர் கேட்டிருந்தார். அது எப்படிப் படத்தைப் பற்றிய கேள்வியாகும் என்று கௌரி அந்தச் சந்திப்பில் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். கேட்டவர் விட்டுக்கொடுக்காமல் வாதாடினார். கௌரியும் விடவில்லை. பின்னர் பல பக்கமிருந்தும் கண்டனம் வர, கேட்டவர் வருத்தம் தெரிவித்தார். இதில் எங்களைத் தொட்டது வேறொன்று. அந்த வாக்குவாதம் நடந்தபோது மேடையில் கூட இருந்தவர்கள் பேசாமல் இருந்தார்கள். தன் மௌனம் சம்மதம் அல்ல, முன்னரே தலையிட்டிருக்க வேண்டும் என்று கதாநாயகன் பின்னர் எழுதி மன்னிப்புக் கேட்டார். எங்கள் மண்டபங்களில் அப்படி மன்னிப்புக் கேட்கவேண்டியவர்கள் எத்தனை பேர்? முதலில் நாங்களே.

"அப்படியானால் கொழுப்பதைப் பாராட்டச் சொல்லுகிறீர்களோ?" என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். இல்லை. தென்னாசிய உடம்புக்குச் சலரோகமும் இருதய நோயும் சீக்கிரம் வரும் என்பதை இந்தப் பக்கத்தில் நாம் மறைக்கப் போவதில்லை. உடற்திணிவுச் சுட்டி, அதாவது பி.எம்.ஐ. என்ற கணக்கில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடற்பருமன் என்பது பொதுவான அளவு. ஆசிய மக்களுக்கு 23 இலிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொன்னது. எங்கள் ஒன்ராறியோ மாகாண மக்களை வைத்தே செய்து 2011 இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் தெளிவானது. வெள்ளையினத்தவருக்கு 30 இல் வருகின்ற சலரோக ஆபத்து, தென்னாசியருக்கு 24 இலேயே வந்துவிடுகிறது. எங்கள் உடம்பில் கொழுப்பு வயிற்றுக்குள், ஈரல் போன்ற உறுப்புகளைச் சுற்றிச் சேரும் இயல்பு கூட என்பதே இதற்குச் சொல்லப்படும் முக்கிய காரணம்.

இந்த இலக்கங்களைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். 24 என்பது பார்வைக்கு 'குண்டு' அல்ல. மண்டபத்தில் யாரும் ஒன்றும் சொல்லாத உடம்பு அது. ஒல்லியான மாமாவுக்குச் சலரோகம் இருப்பதும், அவர் பக்கத்தில் இருக்கும் பருத்த மாமிக்கு எல்லாச் சோதனையும் சரியாக இருப்பதும் எங்கள் குடும்பங்களில் எவ்வளவோ உண்டு. வாசலில் நின்று கண்ணால் பார்த்துச் சொல்லும் கணிப்பு இரண்டு பேருக்கும் கெடுதல் செய்கிறது. மாமா சோதிக்கப் போவதில்லை, "எனக்கென்ன" என்று. மாமியும் போவதில்லை, வெட்கத்தில்.

வெட்கப்படுத்தினால் மெலிவார்கள் என்ற எண்ணமும் பிழை. அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களை 2006 இலிருந்து நான்கு வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2013 இல் வெளிவந்தது. ஆரம்பத்தில் உடற்பருமன் இல்லாதவர்களில், எடையைக் காரணமாக வைத்துத் தாழ்வாக நடத்தப்பட்டவர்கள் பின்னர் உடற்பருமன் அடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நாலு பேர் முன்னால் நோகப் பேசப்பட்டவர் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவாரா, அல்லது ஓடப் போவாரா?

கனடாவின் வைத்தியர்களே இந்த விடயத்தில் வழி மாறிவிட்டார்கள். எட்மன்ரனில் பணியாற்றிய டொக்டர் ஆரிய சர்மா, இன்னொரு வைத்தியருடன் சேர்ந்து 2009 இல் ஒரு படிமுறையை முன்வைத்தார். ஒருவரின் எடை எவ்வளவு என்பதைவிட, அந்த எடையால் உடம்புக்கும் மனதுக்கும் அன்றாட வாழ்வுக்கும் என்ன பாதிப்பு என்று பார்த்துத் தரம் பிரிப்பது அது. 2020 ஓகஸ்ற்றில் கனேடிய மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் வெளியான வயதுவந்தோருக்கான உடற்பருமன் வழிகாட்டியும் அதே பாதையில்தான் போகிறது. உடற்பருமன் ஒரு நீண்டகால நோய், அது மனவுறுதிக் குறைவு அல்ல, தராசைவிட ஆரோக்கியத்தைப் பார்க்கவேண்டும் என்கிறது. அதில் எமக்கு மிகவும் பிடித்தது, எடையைப் பற்றிப் பேசுவதற்கு முன் வைத்தியர் நோயாளியிடம் அனுமதி கேட்கவேண்டும் என்பதுதான். படித்த வைத்தியரே அனுமதி கேட்கவேண்டுமானால் கலியாண வீட்டு மாமி என்ன செய்யவேண்டும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

இனி உடுப்புக்கு வருவோம். கடைக்குப் போய் 12 கொள்ளவில்லை, 14 கொள்ளவில்லை என்று அறைக்குள் நின்று அழும் பிள்ளைகளுக்கு அந்த இலக்கங்களின் கதையைச் சொல்லுங்கள். 1939, 1940 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசு ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது வெள்ளையினப் பெண்களின் அளவுகள்தான். அந்த அளவுகளின் அடிப்படையில் 1958 இல் ஒரு பொது அளவுத் திட்டம் வந்தது. அது 1983 இல் கைவிடப்பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பத்துக்கு இலக்கம் போடுகிறது. கனடாவிலும் கட்டாயமான பொது அளவு கிடையாது. ஆகவே ஒரு கடையின் 12 இன்னொரு கடையில் 16. அந்த இலக்கத்துக்காகக் கண்ணீர் விடுவது வீண் வேலை. எங்களில் இருவர் 18 போடுபவர்கள், தயக்கமில்லாமல் எழுதுகிறோம்.

பருத்த பெண்களுக்கென்று ஆயத்த உடுப்பு வந்த வரலாறும் எங்கள் பெண்களுக்கு அந்நியமானதல்ல. லித்துவேனியாவிலிருந்து நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்த லீனா பிரையன்ற் கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் தையல் இயந்திரத்தை நம்பிச் சீவித்தவர். 1904 இல் கடை திறந்தார். வங்கியில் அவர் பெயர் 'லேன்' என்று மாறி எழுதப்பட, அந்தப் பெயரே கடைக்கு நிலைத்தது. முதலில் கர்ப்பிணிகளுக்கு, பிறகு பருத்த பெண்களுக்கு என்று தைத்தார். வந்த நாட்டில் தையல் இயந்திரத்தோடு வாழ்வைத் தொடங்கிய எத்தனை தமிழ்ப் பெண்களை எங்களுக்குத் தெரியும்! கனடாவில் மொன்றியல் றைற்மன்ஸ் நிறுவனத்தின் பெனிங்ரன்ஸ் கடைகள் 14 ஆம் இலக்கத்திலிருந்து மேலே வைத்திருக்கின்றன. அதே நிறுவனத்தின் அடிஷன் எல் கடைகள் இளம்பெண்களுக்கு மிகவும் பிடித்தவை, ஆனால் 2020 இல் மூடப்பட்டுவிட்டன. அலுவலகத்துக்கும் குளிருக்கும் வேண்டியதை எப்படியோ வாங்கிவிடலாம். எங்கள் பெண்கள் இடறிவிழுவது சாறிச் சட்டையில்தான்.

சாறி யாரையும் அளவு கேட்பதில்லை. ஐந்தரை மீற்றர் துணி ஒல்லிக்கும் பருமனுக்கும் ஒன்றுதான். சட்டைதான் வில்லங்கம். கடைகளில் தொங்கும் ஆயத்தச் சட்டைகள் 38, 40 உடன் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. எங்களில் ஒருவர் 44 கேட்டபோது ஒரு கடையில், "அக்கா, அது பாட்டியளின்ரை சைஸ்" என்று பதில் வந்தது. சாறியோடு வருகிற சட்டைத்துணி அனேகமாக 80 சென்ரிமீற்றர்தான். பருத்த உடம்புக்கு முழங்கை வரை கை வைத்துத் தைக்க அது காணாது. ஒரு மீற்றருக்கு மேல் வேண்டும். ஆகவே சாறி எடுக்கும்போதே பொருத்தமான துணி வேறாக வாங்குங்கள். பழைய சட்டையை அளவுக்கு அனுப்பாதீர்கள். அது ஐந்து வருடத்துக்கு முந்திய உங்கள் அளவு. போடப்போகும் உள்ளாடையைப் போட்டுக்கொண்டு, இன்றைய உடம்பை அளக்கச் செய்யுங்கள். மார்பு, இடுப்பு மட்டுமல்ல, புயத்தின் சுற்றளவும் முக்கியம். அனேகமான சட்டைகள் தோற்பது அங்கேதான். பக்கத் தையல்களில் உள்ளே ஓர் அங்குலம் கூடுதலாகத் துணி விடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் விட்டால் பிறகு கிட்டத்தட்ட மூன்று அங்குலம் அகட்டலாம். கமக்கட்டில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் கையைத் தூக்கி ஆரத்தி எடுக்கலாம், பிள்ளையையும் தூக்கலாம். அந்தக் கலியாண வீட்டுக்கு வராத பெண்மணியின் சட்டையைப் பிறகு ஒரு நாள் பிரித்துப் பார்த்தோம். உள்ளே அரை அங்குலம்கூட இல்லை, ஒட்ட வெட்டியிருந்தார்கள். குற்றம் அவர் உடம்பில் என்று மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தார்.

உள்பாவாடை நாடாவைப் பற்றியும் சொல்லவேண்டும். வயிறு தெரியாமல் இருக்கவேண்டும் என்று எங்கள் பெண்கள் அதை இறுக்கிக் கட்டுவது வழக்கம். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி உரசியதால் இடுப்பில் ஆறாத புண் வந்து, அது தோல் புற்றுநோயாக மாறிய இரண்டு வயோதிபப் பெண்களைப் பற்றி இந்திய வைத்தியர்கள் 2024 இல் ஒரு பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதியிருந்தார்கள். இது மிகவும் அபூர்வம், பயப்படத் தேவையில்லை. ஆனால் அகலமான இடுப்புப்பட்டி வைத்த உள்பாவாடையைத் தளர்வாகக் கட்டுங்கள், கட்டும் இடத்தை மாற்றிக் கட்டுங்கள். இடுப்பிலோ மார்புக்குக் கீழேயோ தோல் மடிப்பில் சிவந்து கடித்தால், முக்கியமாகச் சலரோகம் உள்ளவர்கள், பவுடர் போட்டு மறைக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அனேகமாக அது பங்கசுத் தொற்று. மருந்து பூசினால் மாறிவிடும்.

வைத்தியரிடம் போகும்போதும் அளவு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டிக்கும் அளவுகள் இருக்கின்றன. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2023 இல் வெளியிட்ட ஆய்வில், மிகப் பெரிய பட்டி வேண்டியவர்களுக்குச் சாதாரண பட்டியைச் சுற்றியபோது மேல் அழுத்தம் சராசரியாக 19.5 புள்ளி கூடக் காட்டியது. இல்லாத பிரஷருக்கு மருந்து எடுக்க வைக்கும் அளவு பிழை அது. "இதைவிடப் பெரிய பட்டி இருக்கிறதா?" என்று கேளுங்கள். பரிசோதனை அங்கி மூடாவிட்டால் பெரியது கேளுங்கள். தராசில் ஏற மனமில்லை என்றால், இன்று வேண்டாம் என்று சொல்லலாம். மருந்தின் அளவுக்கு எடை தேவைப்படும் நேரத்தில் அவர்களே விளக்குவார்கள். ஆனால் போகாமல் மட்டும் இருக்கவேண்டாம். மார்பகப் பரிசோதனைக்கு ஒன்ராறியோவில் 2024 ஒக்ரோபர் முதல் 40 வயதிலிருந்தே பெண்கள் தாங்களாகவே பதியலாம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சோதனை 2025 மார்ச் முதல் எச்.பி.வி. சோதனையாக மாறி, சரியாக இருந்தால் பெரும்பாலானோருக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை போதும் என்றாகிவிட்டது. உடம்பைக் காட்ட வெட்கப்பட்டு இவற்றைத் தள்ளிப்போடும் பெண்கள் எங்களிடையே இருக்கிறார்கள். ஒல்லியானவர்களிலும் இருக்கிறார்கள்.

வீட்டிலே அளக்க விரும்பினால் தையல் அளவுநாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின், இழுக்காமல் அளவுங்கள். தென்னாசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 என்பது சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வைத்த எல்லை. தாண்டினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரத்தச் சீனியும் கொலஸ்ரரோலும் பார்க்கவேண்டும் என்பதற்கான அடையாளம் அது, அவ்வளவுதான். ஆண்களும் அளவுங்கள். மனைவியின் தட்டில் சோற்றை எண்ணிக்கொண்டு, தங்கள் வண்டியைப் பெல்ற்றுக்கு மேலே தொங்கவிட்டிருக்கும் அண்ணர்மாரை எங்களுக்குத் தெரியும்.

நடக்கவும் நீந்தவும் கூட உடுப்பு வேண்டும். கோர்னெல், மிலிக்கன் மில்ஸ், ஆனின் சமூக நிலையங்களில் நீச்சல் தடாகங்கள் இருக்கின்றன. மூட்டுநோ உள்ள பருத்த பெண்களுக்குத் தண்ணீரைப் போல இதமான பயிற்சி வேறில்லை. முழுக்கை மேற்சட்டையும் கணுக்கால் வரை நீச்சல் காற்சட்டையும் பெரிய அளவுகளில் விற்கிறார்கள். பெண்களுக்கு மட்டுமான நேரம் உண்டா என்று முன்மேசையில் கேட்டுப் பாருங்கள். "கொஞ்சம் மெலிஞ்சிட்டுப் போறன்" என்று ஒருவர் எட்டு வருடமாக எங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தாய்மாருக்கு ஒரு சொல். சாமத்தியவீட்டுக்கு வீடியோக்காரரும் மண்டபமும் பேசி முடித்த பிறகு, "அதுக்குள்ளை பத்து றாத்தல் குறைக்கவேணும்" என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். அந்த வயதில் பெண்பிள்ளைக்கு எடை கூடுவது வளர்ச்சியின் பகுதி. பிள்ளைக்கு ஏற்றபடி பாவாடை தாவணியைத் தையுங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் எடையும் முகத்தில் ரோமமும் கூடினால் அது வேறு விடயம். சினைப்பைக் கட்டி எனப்படும் பி.சி.ஓ.எஸ். ஆக இருக்கலாம், தைரொயிட்டாகவும் இருக்கலாம். அதற்குக் குடும்ப வைத்தியர் இருக்கிறார், பட்டினி மருந்தல்ல.

அடுத்த பெண்கள் சந்திப்புக்கு, அலுமாரியில் இறுகிப்போய்க் கிடக்கும் சட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். தையல் தெரிந்த இருவர் எங்களிடம் இருக்கிறார்கள். எதை அகட்டலாம், எதற்குத் துண்டு வைக்கலாம், எதை ஒல்லியான தங்கைக்குக் கொடுத்துவிடலாம் என்று பார்த்துச் சொல்லுவார்கள். அளவுநாடா இருக்கும், தேநீர் இருக்கும், வடையும் இருக்கும். தராசு வைக்கமாட்டோம்.